ஸ்மித் என்ன சாதி?

சாதியைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். ‘‘அதெல்லாம் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க சார். சாதிங்கறது வெறும் தொழில் பெயர். வெள்ளைக்காரன் ஸ்மித், டெய்லர், பாட்டர்னு வெச்சுக்கலையா? அவன் வெச்சுக்கிட்டா சர்நேம், நாம வெச்சுக்கிட்டா மட்டும் சாதி வெறியா?’’

கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கும். நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிலர் தலையாட்டியும் இருப்பீர்கள். அடுத்த முறை யாராவது இப்படிச் சொன்னால் சும்மா விடாதீர்கள். ‘சரி சார், ஸ்மித் என்ன சாதி?’ என்று கேளுங்கள். மனிதர் முழிப்பார். ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

ஸ்மித் என்றால் உலோகத்தை அடித்து வேலை செய்கிறவர். நம்ம ஊர்க் கொல்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, வரி வாங்கவும் சொத்துக் கணக்கு எழுதவும் வெறும் ஜான், வெறும் வில்லியம் போதவில்லை. ஒரே ஊரில் நாலு ஜான் இருந்தால் எந்த ஜானிடம் வரி கேட்பது? மேட்டுப் பக்கம் குடியிருப்பவன் ஜான் ஹில். இன்னாருடைய மகன் என்றால் ராபர்ட்சன், வில்சன். இரும்பு அடிக்கிறவன் ஜான் ஸ்மித். இப்படி ஒட்டிய பெயர்கள் அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் மெள்ள மெள்ளப் பரம்பரைப் பெயராக உறைந்துவிட்டன.

அப்படியானால் உழவர்கள்தானே அதிகம், ‘ஃபார்மர்’ என்ற பெயரல்லவா ஊரெல்லாம் இருக்க வேண்டும்? இல்லை. எல்லோரும் உழுகிற ஊரில் ‘உழுகிற ஜான்’ என்றால் யாரென்று தெரியும்? பட்டறை வைத்திருப்பவர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான். அடையாளம் சொல்ல அது வசதி. அதனால்தான் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கே எண்ணினாலும் ஸ்மித் முதலிடத்தில் வருகிறது. அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பில் மட்டும் 24 லட்சத்துக்கும் மேல். ஜெர்மனியில் ஷ்மிட், ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெட்சோவ், அரபு நாடுகளில் ஹத்தாத், எல்லாம் அதே கொல்லர்தான். ஃபெராரி கார் இருக்கிறதே, அந்தப் பெயரும் இரும்பு அடிக்கும் பட்டறையிலிருந்து வந்ததுதான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெயர் மனிதர்களை என்ன செய்தது?

ஒன்றும் செய்யவில்லை. மறைந்த பிரிட்டிஷ் நடிகை மேகி ஸ்மித்தும் அமெரிக்காவின் கறுப்பின நடிகர் வில் ஸ்மித்தும் ஒரே சாதி என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். அமெரிக்க ஸ்மித்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கறுப்பர். பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் ‘தாட்சர்’ என்றால் கூரை வேய்கிறவர். அவர் மளிகைக் கடைக்காரரின் மகள். அந்தப் பெயர் கல்யாணத்தில் வந்தது, கணவர் தொழிலதிபர். ஏழு முறை ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற மைக்கேல் ஷூமாக்கர் பெயருக்கு அர்த்தம் செருப்புத் தைப்பவர். அந்தப் பெயருக்காக எந்த ஜெர்மானியரும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. இங்கே அதே தொழிலைக் குறிக்கும் சொல் வசவாகப் புழங்கியது, புழங்குகிறது. பொது இடத்தில் அப்படித் திட்டுவதைக் குற்றமாக்க 1989-ல் தனியாகச் சட்டமே போட வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றா, சொல்லுங்கள்?

‘வேலைப் பிரிவினைதானே சார்’ என்பார்கள். வேலைப் பிரிவினை என்றாலே உலகம் நினைப்பது ஆடம் ஸ்மித்தை. சுங்க அதிகாரியின் மகனான அந்த ஸ்மித், 1776-ல் வெளியான தன் புத்தகத்தைக் குண்டூசித் தொழிற்சாலை உதாரணத்தோடு ஆரம்பிக்கிறார். ஒருவர் கம்பியை இழுக்கிறார், ஒருவர் வெட்டுகிறார், ஒருவர் முனையைக் கூராக்குகிறார். நல்லது. கம்பி இழுப்பவரின் மகன் கம்பிதான் இழுக்க வேண்டும், கூராக்குபவர் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது, அங்கே பெண் எடுக்கக் கூடாது என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா? மாறாக, அதே புத்தகத்தில் நம்ம இந்துஸ்தானத்தையும் குறிப்பிடுகிறார். அப்பன் தொழிலையே மகன் செய்தாக வேண்டும் என்று மதத்தின் பேரால் கட்டிப்போட்ட இடம் என்று. அது பாராட்டு அல்ல. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களைப் பிரித்தது என்று 1936-ல் அம்பேத்கர் வாதாடி முடித்துவிட்டார். நாம்தான் இன்னும் ஆரம்பப் பாடத்திலேயே நிற்கிறோம்.

இன்னொரு கொல்லர் கதை சொல்கிறேன். 1791-ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லருக்கு மகன் பிறந்தான். பையன் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தான். விஞ்ஞானி ஆனான். பெயர் மைக்கேல் ஃபாரடே. அவர் 1819 வாக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஆராய்ந்த பொருள்களில் ஒன்று, இந்தியாவிலிருந்து போன ‘ஊட்ஸ்’ எஃகு. தென்னிந்தியக் கொல்லர்களின் கைவண்ணத்துக்குப் பேர்போன எஃகு அது. அங்கே கொல்லர் மகன் அந்த எஃகை ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துப் பார்த்தான். அந்த எஃகைச் செய்தவரின் மகனுக்கு இங்கே எந்தப் பள்ளிக்கூடக் கதவு திறந்திருந்தது? தொழில் பெயருக்கும் சாதிப் பெயருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

ஐரோப்பாக்காரன் உத்தமன் என்று சொல்லவில்லை. ஜெர்மன் நகரங்களில் மரண தண்டனையை நிறைவேற்றுகிறவரையும் செத்த மாட்டின் தோலை உரிக்கிறவரையும் மானமற்ற தொழில்காரர்கள் என்று குடும்பத்தோடு ஒதுக்கிவைத்தார்கள். அமெரிக்கக் கறுப்பர்கள் பலருக்கு ஸ்மித் என்ற பெயரே அடிமைக் காலத்தில் வந்து ஒட்டியதுதான். ஆனால் அதைப் பெருமை என்று அங்கே மீசையை முறுக்கினால், பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

நம்மிடம் அப்படிப்பட்ட கூச்சம் ஒரு காலத்தில் வந்தது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டிக்கொள்வதை விட்டுவிடுவதென்று தீர்மானம் போட்டார்கள். அதன் பலன்தான் நீங்களும் நானும் ஒரு இனிஷியலோடு நடமாடுவது. 1953-ல் ராஜாஜி, அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது, ‘குலக்கல்வி’ என்று அதற்குப் பெயர் வைத்துத் தமிழ்நாடு விரட்டியது. அடுத்த வருடமே ராஜாஜியும் பதவி விலகினார், திட்டமும் போனது. 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் குடும்ப வழித் தொழில் என்ற நிபந்தனை இருந்ததால், இந்த வடிவத்தில் வேண்டாம் என்று 2024-ல் தமிழக அரசு மறுத்ததும் அதே நினைவில்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். சமையல் இன்ன சாதிக் கைதிக்கு, பெருக்குவதும் கக்கூஸ் கழுவுவதும் இன்ன சாதிக் கைதிக்கு என்று பல மாநிலச் சிறை விதிகளில் அச்சடித்தே வைத்திருந்தார்கள். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது எப்போது தெரியுமா? 2024 அக்டோபரில்! லண்டன் ஜெயிலுக்குப் போகும் ஸ்மித்தை யாரும் பெயரைப் பார்த்துப் பட்டறைக்கு அனுப்ப மாட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு, அமெரிக்காவில் பிள்ளைக்கு சர்நேம் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்ற சாக்கில், தாத்தா வெட்டி எறிந்த வாலைப் பேரன் தேடி எடுத்து ஒட்டிக்கொள்கிறான். ‘ஜஸ்ட் எ ஃபேமிலி நேம்’ என்கிறான். தம்பி, அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதினாலும் விசா கிடைக்கும். அம்மா பெயரை எழுதினாலும் கிடைக்கும்.

வெறும் தொழில் பெயர்தான் என்று இன்னும் அடம்பிடிக்கிறவர்களுக்கு ஒரு பரீட்சை. அந்தத் தொழிலை நாளைக்கே நான் கற்றுக்கொண்டால் உங்கள் பட்டத்தை எனக்கும் தருவீர்களா? நீங்கள் அந்தத் தொழிலை விட்டு மூன்று தலைமுறை ஆயிற்றே, பட்டத்தை ஏன் விடவில்லை? உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரன் தேடும் விளம்பரத்தில் அந்தத் ‘தொழிலை’ எதற்குப் போடுகிறீர்கள்? மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்பதற்குத்தான் தனியாக இன்னொரு வரி இருக்கிறதே!

மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால், தாராளமாக ஸ்மித்தைத் துணைக்குக் கூப்பிடுங்கள். முடியவில்லையா? அந்த மனுஷனை விட்டுவிடுங்கள். அவர் பாட்டுக்கு இரும்பு அடித்துக்கொண்டு இருந்தார்.