சின்னத் தழும்புக்காகக் கறவை மாட்டை விற்கலாமா?

கேள்வி: ‘‘அம்மாவுக்கு வயது 62. மூட்டுத் தேய்மானத்தால் களையெடுக்க முடியவில்லை. ‘சிறிய கீறல்’ முறையில் மூட்டு மாற்ற, கூடுதல் பணம் கேட்கிறார்கள். கறவை மாட்டை விற்கலாமா?’’

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: வழக்கமான முறையில் 8 முதல் 10 அங்குலம் கீறுவார்கள், சிறிய கீறல் முறையில் 4 முதல் 6 அங்குலம். இதில் தசை குறைவாகவே வெட்டப்படும் என்பதால், ஆரம்ப வாரங்களில் வலி குறையலாம். ஆனால், உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு ஒன்றுதான். சில மாதங்களில் நடையிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. உடல் பருமன் உள்ளவர்களுக்கும், கால் அதிகமாக வளைந்தவர்களுக்கும் பெரும்பாலும் வழக்கமான முறையே ஏற்றது. மருத்துவரின் அனுபவமும், பிறகு விடாமல் செய்யும் பயிற்சியும்தான் முக்கியம். எந்த முறையானாலும், குத்தவைத்துக் களையெடுப்பதைத் தவிர்க்க வேண்டியிருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையுடன் அரசு மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். மாடு தொழுவத்திலேயே இருக்கட்டும்.