மாற்றுவதற்கு முன் அளப்போம்

இலக்கியம் பேசக் கூடிய இடத்தில் பழைய ஜீப்பின் மின்கம்பிகளைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பழுது பார்த்தலும் ஒருவகை வாசிப்பே என்பது நம் எண்ணம். தவறாக வாசித்தால் செய்யுளுக்கு நேர்வது பொருள் மயக்கம்; இரவில் மலைச்சரிவில் இறங்கும் வண்டிக்கு நேர்வதோ உயிர்ச்சேதம். ஆகவே இதைப் பேசுவதில் பிழையில்லை.

மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது 1947ஆம் ஆண்டில். அன்று தொட்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் எஸ்டேட் பாதைகளில் அவ்வடிவம் மறையவேயில்லை. பின்னாளில் பெஜோ வடிவமைப்பிலான டீசல் எஞ்சினுடன் வந்த எம்எம் 540 போன்றவை இன்றும் ஏறி இறங்குகின்றன. கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் செல்லும் கற்பாதை ஜீப்புகளுக்கே உரியது. பேருந்து எட்டாத மலையூர்களில் அரிசி மூட்டை மேலே ஏறுவதும் நோயாளி கீழே இறங்குவதும் இத்தகைய வண்டிகளை நம்பித்தான்.

இவ்வண்டிகளின் எஞ்சினைக் காட்டிலும் ஒயரிங்தான் முதலில் மூப்படைகிறது என்பதை ஓட்டுநர்கள் அறிவர். ஆயினும் பழைய டீசல் எஞ்சினுக்கு ஒரு வஞ்சக குணம் உண்டு. பெட்ரோல் எஞ்சின் தீப்பொறியால் எரிவது. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். டீசலோ அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிகிறது. கம்பியை இழுத்து நிறுத்தும் பழைய எஞ்சின்களில், ஒருமுறை ஓடத் தொடங்கிய பின் பேட்டரி செத்தாலும் ஆல்டர்னேட்டர் ஓய்ந்தாலும் ஓட்டம் தடைப்படாது. ஓட்டுநர் எல்லாம் நலமென்று நம்பிச் செல்வார். பொழுது சாய்ந்து விளக்கைப் போட்ட பிறகே உண்மை வெளிப்படும். இதற்கிடையில் ஆயில் அழுத்தம் குறைந்திருந்தால்கூட அதைச் சொல்லவேண்டிய விளக்கு எரிந்திராது.

இன்னொரு விந்தையும் உண்டு. பல வண்டிகளில் சார்ஜ் விளக்கு வெறும் அறிவிப்பாளர் அன்று. ஆல்டர்னேட்டர் விழித்தெழத் தேவையான சிறு மின்னோட்டம் அவ்விளக்கின் வழியாகவே செல்கிறது. அச்சிறு பல்பு தீய்ந்துபோனால் சார்ஜும் நின்றுவிடலாம், நின்ற செய்தியும் மறைந்துவிடும். ஐந்து நிமிடத்தில் மாற்றத்தக்க பல்புக்காக ஆல்டர்னேட்டர் முழுவதையும் கழற்றியெறிந்த பட்டறைகள் உண்டு. சாவி திருப்பியதும் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

நம் குறை இதுதான்: பட்டறைகளில் பெரும்பாலும் அளப்பதில்லை, மாற்றிப் பார்க்கிறார்கள். நாமறிந்த ஓட்டுநர் ஒருவரின் ஜீப்பில் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. முதலில் புது பேட்டரி வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். பிறகு செல்ஃப் மோட்டாரையும் மாற்றினார்கள். இறுதியில் குற்றவாளியாக வெளிப்பட்டது, எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை. அது பாதி இற்று, பச்சை பூத்துக் கிடந்தது. மூன்று உதிரிப் பாகங்களின் விலை அவருடைய குடும்பத்தின் பல வாரச் சம்பாத்தியம்.

இவ்வகை வண்டிகளில் எர்த்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. சேஸிஸின் மேலுள்ள பாடியும் பெரும்பாலும் அப்படியே. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே திரும்பிச் செல்லும் வழியெல்லாம் சில பட்டைகளையும் போல்ட்டுகளையும் நம்பியே இருக்கிறது. சேறும் ஓடைநீரும் படும் இடங்கள் இவை. எர்த் கெட்டால் மின்சாரம் சும்மா இராது, வேறு வழி தேடும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிள் சூடேறுவதும், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு மங்குவதும் அதன் அடையாளங்கள்.

டீசல் எஞ்சினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கும் மேல் இழுக்கவல்லது. இணைப்பு ஒன்றில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே வீணாகிவிடும். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையால் காண இயலாது. மின்சாரம் ஓடும்போதே வோல்ட்டை அளக்கவேண்டும். எஞ்சின் பிடித்துக்கொள்ளாதபடி நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பழுது. ஒரு நிமிட வேலைதான்.

இதற்கு முன் பார்க்கவேண்டியவை எளியவை. இரவு முழுதும் ஓய்ந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவாக உள்ளது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்கவேண்டும். பேட்டரியின் அளவிலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. நிறுத்திவைத்த வண்டியில் அரை ஆம்பியர் கசிந்தால்கூட ஒரு நாளில் 12 ஆம்பியர் மணி போய்விடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் கசிவு எந்த வழியில் என்பது தெரிந்துவிடும். எந்த ஃபியூஸைக் கழற்றியும் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் டையோடை ஐயுறலாம்.

முகப்பு விளக்கு மங்கினால் அதிக வாட் பல்பு மாட்டுவது இன்னொரு வழக்கம். மின்னழுத்தம் 12இலிருந்து 10.5 ஆகக் குறைந்தாலே ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். குறை பல்பில் இல்லை. நைந்த சுவிட்சிலும் மெல்லிய கம்பியிலும் இருக்கிறது. பெரிய பல்பு அக்கம்பியை மேலும் சூடாக்கும். பிறகு ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதன் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவார்கள். அத்துடன் வண்டியின் காவலாளியைக் கொன்றாயிற்று. அடுத்து எரிவது ஒயரிங் முழுவதும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிச் சார்ஜ் பார்க்கும் வித்தையும் கைவிடத் தக்கது. டைனமோ காலத்து வழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரெனத் தாவி டையோடுகளைப் பழிவாங்கிவிடும்.

சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் இதை எளிதில் உணர்வர். பொருள் விளங்காத அடியைக் கண்டதும் தம் சொல்லை அங்கே இட்டு நிரப்புபவர் பதிப்பாசிரியர் ஆகார். ஏடுகளை ஒப்புநோக்கி, பிழை எந்தப் படியில் புகுந்ததென்று பின்னோக்கிச் செல்பவரே பதிப்பாசிரியர். பழுது பார்ப்பவருக்கும் அதே ஒழுக்கம் வேண்டும்.

ஆனால் பட்டறைக்காரரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. நாம் பாகத்துக்குக் காசு கொடுக்கிறோம். பழுதைக் கண்டறிந்ததற்குக் கொடுக்கிறோமா? ஒரு மணி நேரம் அளந்து, ஒரு போல்ட்டைத் தேய்த்து இறுக்கிச் சரிசெய்தவரிடம் "என்னத்த மாத்தினீங்க?" என்று கேட்டுச் சில்லறையை நீட்டுகிறோம். அறிவுக்கு விலையில்லை என்றால் அவர் பாகத்தை விற்காமல் என் செய்வார்?

பழைய டீசல் வண்டிகள் புகை கக்குபவை, அவற்றைக் கழித்துக் கட்டுவதே முறை என்பார் உளர். அவை என்றென்றும் ஓடவேண்டும் என்பது நம் வாதமன்று. ஓடும் நாள்வரை விளக்கெரிந்து, தீப்பிடிக்காமல் ஓடவேண்டும் என்பதே. புதிய வண்டி வாங்க வழியில்லாதவர் கையிலேதான் பழைய வண்டி இருக்கிறது.

நாம் வேண்டுவன இரண்டு. ஒன்று, பழுதைக் கண்டறிவதற்குத் தனிக் கூலி என்பதைப் பட்டறைகள் வெளிப்படையாகக் கேட்கவும் நாம் மனமுவந்து கொடுக்கவும் பழகவேண்டும். மற்றொன்று, இவ்வளவுகளும் முறைகளும் நல்ல தமிழில், செல்ஃப், எர்த், ஹீட்டர் பிளக் என்று பட்டறையில் வழங்கும் சொற்களோடேயே எழுதப்படவேண்டும். ஐடிஐ முடித்துவரும் பிள்ளை சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு சிறுநூல் போதும். தமிழாசிரியர்களும் மெக்கானிக்குகளும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஒரு மாதத்தில் முடியும் வேலை அது. கலைச்சொல் ஆக்கம் என்பது மாநாடுகளுக்கு மட்டும் உரியதன்று. மலைப்பாதை வண்டியின் பானெட்டுக்கு அடியிலும் அதற்கு வேலை காத்திருக்கிறது.