மாவட்டத்துக்கு இடம் உண்டு, தோட்டத்துக்கு உண்டா?



பரீட்சை முடிவு வரும்போதெல்லாம் நம் தோட்டங்களில் ஒரே பேச்சுத்தான். "படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும். நம்ம பிள்ளைகளுக்குத்தான் அக்கறை இல்லை." துரைமார் இதைச் சொன்னால் விட்டுவிடலாம். லயத்தில் பிறந்து படித்து மேலே போன சிலரும் சொல்கிறார்கள். மேடைக்கு வருகிற அரசியல்வாதியும் சொல்கிறார். கடைசியில் மலையில் கொழுந்து எடுக்கிற தாயும் அதை நம்பி, தன்னையும் பிள்ளையையும் நொந்துகொள்கிறாள்.

நானும் லயத்துக் காம்பராவில் பிறந்தவன். இன்று பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பிக்கிறேன். அந்தப் படிப்பை வைத்துச் சொல்கிறேன்: அந்தப் பேச்சு பொய். நம் பிள்ளைகளைப் பின்னால் நிறுத்தியது அரசியல். அதை மாற்றப்போவதும் அரசியல்தான்.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் துரையின் கையில் கொடுத்தது. அதுவும் 6 வயது முதல் 10 வயது வரைக்கும்தான். அதற்கு மேல் படித்தால் கொழுந்துக்கு ஆள் ஏது? 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. தோட்டப் பாடசாலையோ தோட்ட நிர்வாகத்திடமே கிடந்தது.

யார் கேட்பது? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். அடுத்து வாக்குரிமையும் போனது. 1952இல் நமக்காக வென்றவர் ஒருவரும் இல்லை. 1977இல்தான் மலையகத்திலிருந்து மீண்டும் ஒருவர் வாக்கால் வென்று போனார். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பரவலாகப் பொறுப்பேற்றதும் 1970களின் பிற்பகுதியில்தான். வாக்கு இல்லாத காலத்தில் நமக்குப் பாடசாலையும் இல்லை. ஊராரின் பிள்ளைகளுக்கு 30 வருடம் பிந்தி ஓட்டத்தைத் தொடங்கிய பிள்ளையைப் பார்த்து "ஏன் பின்னால் வருகிறாய்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

"அதெல்லாம் பழங்கதை. இப்போது நுவரெலியா பின்தங்கிய மாவட்டம் என்று ஒதுக்கீடு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நம் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவாக வருவது இதனால்தான். ஆனால் கலைப்பிரிவுக்கு? பெரும்பாலும் நாடு முழுவதற்கும் ஒரே போட்டி.

இப்போது உங்கள் தோட்டத்துப் பக்கத்துப் பாடசாலையைப் பாருங்கள். உயர்தரம் இருந்தால் அது பெரும்பாலும் கலைப்பிரிவுதான். ஒதுக்கீடு விஞ்ஞானத்தில், நம் பிள்ளை உட்கார்ந்திருப்பது கலைப்பிரிவில். மாவட்டத்தின் பெயரில் வருகிற இடம் நகரத்துப் பெரிய பாடசாலையோடு நின்றுவிடுகிறது. நம் வறுமையைக் காட்டித்தான் மாவட்டம் பட்டியலில் ஏறியது. பலனைக் காணத்தான் நாம் இல்லை. ஒதுக்கீடு கூடாது என்று நான் சொல்லவில்லை. அது லயம்வரை வரவேண்டும் என்கிறேன்.

நான் கலைப்பிரிவுக்குப் போனதும் விரும்பி அல்ல. எங்கள் பாடசாலையில் இருந்த ஒரே விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிப் போனார். இரண்டு வருடம் யாரும் வரவில்லை. என்னோடு படித்தவர்களில் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். அவன் இன்று கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அவனுக்கா அக்கறை இல்லை?

நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் நம் பட்டிப்பொல. உல்லாசப் பயணிகள் பலகை முன் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தப் பாதையோரத் தோட்டத்துப் பிள்ளை தமிழில் பௌதிகவியல் படிக்க ஆசைப்பட்டால் நகரத்துக்குப் போய் அறை எடுக்க வேண்டும். அறைக் காசு, பஸ் காசு, டியூசன் காசு. அம்மாவின் பேர்ச் சம்பளத்தில் எது மிஞ்சும்?

பிரான்சில் பியர் பூர்தியு என்றொரு சமூகவியலாளர் இருந்தார். கிராமத்துத் தபால் ஊழியரின் மகன். அவர் 1964இலேயே பஸ்ரோனோடு சேர்ந்து எழுதிக் காட்டியது இதைத்தான்: வசதியுள்ள வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்கிற பேச்சு, புத்தகம், பழக்கம் எல்லாம் சொத்துத்தான். பாடசாலை அந்தச் சொத்துக்குப் புள்ளி போட்டுவிட்டு, அதற்குத் "திறமை" என்று பெயர் வைக்கிறது. நம் பிள்ளைக்கு "மக்கு" என்று பெயர் வைப்பதும் அதே பாடசாலைதான்.

சங்கங்களாகிய நம்மிடமும் பிழை உண்டு. 1,000 ரூபாய்க்காக வருடக்கணக்கில் போராடி, 2021இல் அதைப் பெற்றோம். ஒரு விஞ்ஞான ஆசிரியருக்காக எந்தத் தோட்டத்தில் பெரட்டுக்குப் போகாமல் நின்றோம்? தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவில் அனுப்பியபோது, நியமனக் கடிதம் கொடுத்த தலைவருக்கு மாலை போட்டோம். அந்த இளைஞர்களும் ஏமாந்தார்கள், நம் பிள்ளைகளும் ஏமாந்தார்கள். பாடசாலை நம் உரிமை. யாரும் நமக்குச் செய்யும் உதவி அல்ல.

ஆகவே ஒரு வேலையை உடனே தொடங்குவோம். கொழுந்தை நிறுக்கத் தராசு இருக்கிறது, ஒரு கிலோ குறைந்தால் சண்டை பிடிக்கிறோம். பிள்ளைகளின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் ஒரு கொப்பி போடட்டும். இந்த வருடம் சாதாரண தரம் எழுதியவர் எத்தனை பேர், கணிதத்தில் சித்தி எத்தனை, உயர்தரம் போனது எத்தனை, எந்தப் பிரிவு, இடையில் நின்றவர் யார், ஏன்? எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆசிரியர் இல்லை?

அந்தக் கொப்பியோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போவோம். பஸ் போய்வரும் தூரத்தில் தமிழில் கணித, விஞ்ஞான உயர்தர வகுப்பும், நிரந்தர ஆசிரியர்களும், தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதியும் கேட்போம். பல்கலைக்கழக ஒதுக்கீட்டில் மாவட்டத்தோடு, பிள்ளை படித்த பாடசாலையின் நிலையையும் கணக்கில் எடுக்கச் சொல்வோம். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிற நாளில் பேர் வெட்டக்கூடாது என்று நிர்வாகத்திடம் கேட்போம். வாக்குக் கேட்டு வருகிறவர் முன்னும் அதே கொப்பியை விரித்து வைப்போம்.

பிள்ளையைத் திட்டுவதை இன்றோடு நிறுத்துவோம். கேள்வியைக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம்.