சந்தைக்கு வெளியே மறிக்கப்படும் வீடுகள்



அமெரிக்காவில் "ஹோல்சேலிங்" எனப்படும் வீட்டு வியாபாரத்தில் கடன் இல்லை, வட்டி இல்லை, ஆகவே அது ஹலால் என்று நம்மவர்களிடையே வாதிடுவோர் உள்ளனர். வட்டி இல்லாத ஒரே காரணத்தால் ஒரு வருவாய் தூய்மையாகிவிடுமா?

நடப்பது இதுதான். சொத்து வரி கட்ட இயலாத ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு 1,50,000 டாலர் விலை பேசிச் சொற்ப முன்பணத்துடன் ஒப்பந்தம் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரம் முடியும் முன்பே அவ்வொப்பந்தம் வேறொருவருக்கு மாற்றித் தரப்படுகிறது. அவர் தருவது 1,90,000 டாலர். இடையிலுள்ள 40,000 டாலர், அவ்வீட்டை ஒரு நாளும் உடைமையாக்கிக்கொள்ளாதவருக்குப் போகிறது.

இப்போது எம்எல்எஸ் என்னும் தரகர்களின் பொதுப் பட்டியலிலும் இத்தகைய வீடுகளை ஏற்ற முற்படுகின்றனர். உரிமையாளரின் எழுத்துபூர்வ இசைவுடன், உரிமம் பெற்ற தரகர் வழியே வீடு ஏற வேண்டிய இடம் அது. அமெரிக்காவின் உண்மையான வீட்டுச் சந்தை அதுவே. அம்மூதாட்டியை அச்சந்தைக்கு வரவிடாமல் மறித்து வாங்கிய வீட்டை, இவர்கள் அதே சந்தைக்குக் கொண்டு செல்கின்றனர்!

சரக்குடன் வரும் வெளியூர் வணிகர்களை, அவர்கள் சந்தை விலை அறியுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தையை அடைந்தபின் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளலாம் என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பென்சில்வேனியாவில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமும் ஏறத்தாழ இதையே செய்கிறது: ஹோல்சேலருக்கு உரிமம் கட்டாயம்; வீடு கைமாறாத வரை, 30 நாள்களுக்குள் விற்பவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இல்லினாய் 2019-லேயே, ஓராண்டில் ஒன்றுக்கு மேல் இவ்வாறு செய்வோருக்கு உரிமம் வேண்டும் என்றது. ஓக்லஹோமா 2021-இல் சட்டமியற்றியது. தென் கரோலினா 2024-இல் தடையே விதித்தது.

"நாங்கள் வீட்டை விற்கவில்லை, ஒப்பந்தத்தைத்தான் விற்கிறோம்" என்பார்கள். ஒப்பந்தத்தை மாற்றித் தருவதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் விளம்பரத்தில் இருப்பது வீட்டின் படமும் படுக்கையறைகளின் எண்ணிக்கையும். ஒப்பந்தத்திற்குச் சமையலறை உண்டா? தம்மிடம் இல்லாத பொருளை விற்பது பற்றி ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதனை மறுத்தார்கள் என்பதை இவர்கள் அறியாதவர்களா?

நேர்வழி அடைபட்டுவிடவில்லை. வீட்டை வாங்கிப் பதிவு செய்தபின் விற்கலாம். அதற்கு முதலீடு இல்லை என்பார்கள். முதலீடு இல்லாதவர் உரிமம் பெற்றுத் தரகராகட்டும்; உரிமையாளரின் பெயரிலேயே பட்டியலிட்டு, கூலியை முன்னரே பேசிப் பெறட்டும். அதுவும் இயலாதெனில், இறுதியில் வாங்குபவர் தரவிருக்கும் தொகையை அம்மூதாட்டியிடம் சொல்லிவிட்டுக் கையொப்பம் கேட்கட்டும்.