சுமைதாங்கிக் கல் எங்கே?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய போட்டோ. ஆரணியில் கோயில் தெருமுனை. தாத்தா பட்டுப் பாவு மூட்டையோடு நிற்கிறார், பின்னால் சுமைதாங்கிக் கல். நட்ட கல் இரண்டு, மேலே படுக்கைக் கல் ஒன்று. தலைச்சுமையை இறக்க, திரும்ப ஏற்ற, இன்னொருத்தர் கை வேண்டாம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது நம் பக்கத்து வழக்கம். (1962-ல் ஸ்ரீதர் எடுத்த படத்துக்கும் இதே பேர்தான்!)

இன்று அங்கே கல் இல்லை. ரோடு அகலப்படுத்தியபோது எடுத்துட்டாங்களாம். "இப்ப யாருப்பா தலையில சுமக்கிறாங்க?" என்கிறார்கள். எங்க ஆயா சுமக்கிறாங்க! ரேஷன் அரிசியை இறக்கிவைக்கத் திண்ணை தேடுறாங்க. திண்ணைக்கும் கம்பிக் கதவு போட்டாச்சு.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான், சிவில் டிப்ளமா. சர்வே பிராக்டிகலில் மின்கம்பம், சாக்கடை, மரம் எல்லாம் குறிக்கிறோம். இந்தக் கல்லைக் குறிப்பதில்லை. பிளானில் இல்லாததைப் பெயர்த்தெடுக்க யாருக்கு மனசு உறுத்தும்? சர்வே எடுக்கிற தெருவில் மிச்சமிருக்கும் கல்லையாவது நாம் வரைந்தே தீரவேண்டும் என்பது என் கட்சி. போன மாதம் பக்கத்து ஊரில் ஒன்றை வரைந்தேன். அதற்கென்று சின்னம் எதுவும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நின்ற கோடு இரண்டு, மேலே படுத்த கோடு ஒன்று, நானே போட்டுக்கொண்டேன்.