மீட்டர் லைட் மங்கலா? முதலில் அந்தச் சக்கரத்தை உருட்டிப் பாருங்கள்



கார் மீட்டர் போர்டில் வெளிச்சம் போதவில்லை என்றால் கடைக்குப் போய் "பெரிய பல்பா போடுங்க" என்பது வாடிக்கையாகிவிட்டது. தப்பு என்றால், "சார், எல்லாரும் போடுறாங்க" என்கிறீர்கள். எல்லாரும் காப்பியடித்தால் நான் மார்க் போட்டுவிடுவேனா?

மங்கலுக்குக் காரணம் என்ன என்று முதலில் பாருங்கள். பல கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்ன உருள் சக்கரமோ பட்டனோ இருக்கும். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க அதுதான். வண்டி துடைக்கும்போது கைபட்டு இறங்கியிருக்கலாம். பல வண்டிகளில் பகலில் ஹெட்லைட் போட்டால் டிஸ்ப்ளே தானாகவே மங்கும். அது கோளாறே இல்லை.

பழைய வண்டியா? பல்பின் இழை ஆவியாகி உள்கண்ணாடியில் கறுப்பாகப் படிந்திருக்கும். அதே வாட்டில் புது பல்பு போட்டாலே போதும். 1.2 வாட் இருந்த இடத்தில் 3 வாட் போட்டால் சூடு இரண்டரை மடங்கு. இழை பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், பின்னால் இருக்கும் மெல்லிய சர்க்யூட் தகடு கருகும். அப்புறம் ஃபியூஸ் போனால் அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடுகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. பெரிசாகப் போட்டால் ஃபியூஸ் நிற்கும், ஒயர் எரியும்.

"எல்.இ.டி போட்டால் சூடே இல்லையே சார்?" சரிதான், சூடு குறைவு. எரியவில்லை என்றால் திருப்பி மாட்டினால் எரியும், ஏனென்றால் அதற்குப் பிளஸ், மைனஸ் உண்டு. ஆனால் பல பழைய வண்டிகளில் பேட்டரி படம் போட்ட சார்ஜிங் விளக்கின் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் கிளம்புவதற்கான மின்சாரம் போகிறது. அந்த இடத்தில் எல்.இ.டி மாட்டினால் சார்ஜ் ஏறாமலே போகலாம். அந்த ஒன்றை மட்டும் தொடாதீர்கள்.

கழற்றும் முன் பேட்டரியின் மைனஸ் ஒயரை எடுத்துவிடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் நீங்களே கை வைக்க வேண்டாம், விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் அந்த நீல வெளிச்சம்தான். போன மாதம் ஒரு மாணவனின் காரில் இரவில் வந்தேன். ஒரு கடையில் கூசும் நீல எல்.இ.டி மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மீட்டர் அப்படியே முன் கண்ணாடியில் தெரிகிறது. பின்விளக்கே இல்லாத ஒரு டிராக்டர் டிரெய்லர் எங்களுக்கு வெகு கிட்டத்தில்தான் கண்ணில் பட்டது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் வேண்டும். அதை விநாடிக்கு விநாடி நீங்களே கெடுத்துக்கொண்டு, ஹெட்லைட் சரியில்லை என்று கம்பெனியைத் திட்டுகிறீர்கள்.

என் வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தேவைதான், மறுக்கவில்லை. சக்கரத்தை இரண்டு புள்ளி கூட்டுங்கள், ஊர் விளக்குகள் தாண்டி இருட்டுச் சாலை வந்ததும் எண்கள் தெரியும் அளவுக்கு இறக்குங்கள். பல்பு மாற்றியவர்கள் இன்று இரவே வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, தெருவிளக்கு படாத இடமாகப் பார்த்து, முன் கண்ணாடியில் மீட்டர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பழைய பல்பை மாட்டிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.