கல்லீரலுக்குச் சலவை எதற்கு?

'டீடாக்ஸ்' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. அதில் ஒரு சரக்கு, கால்சியம் டி-குளுகரேட். குளுகாரிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலத்தின் கால்சிய உப்பு. ஆப்பிளிலும் ஆரஞ்சிலும் இருக்கிற அமிலம்தான். அமெரிக்காவில் இதை மாத்திரையாக்கி, கல்லீரலின் நச்சு நீக்கும் வேலைக்குத் துணை என்று விற்கிறார்கள்.

நான் படித்தது பி.காம். ஆனாலும் இந்தக் கணக்கு புரிகிறது. பிலிருபின், வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜன், நாம் விழுங்கும் பாராசிட்டமால்... இவற்றோடு குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டி, பித்தம் வழியாகவோ சிறுநீர் வழியாகவோ வெளியேற்றுகிறது கல்லீரல். குடல் பாக்டீரியாக்களின் ஒரு என்சைம் அந்த ஒட்டைப் பிரித்துவிடும். அனுப்பிய சரக்கில் கொஞ்சம் ரிட்டர்ன்! குளுகாரிக் அமிலத்திலிருந்து வரும் ஒரு பொருள் அந்த என்சைமைத் தடுக்கிறது. நிஜம்தான். எலிகளுக்குக் கொடுத்தும் பார்த்துவிட்டார்கள்.

சரி, மனுஷனுக்கு? இதைச் சாப்பிட்டுக் கல்லீரல் நோய் குணமானது என்று காட்டும் முறையான மருத்துவச் சோதனை கிடையாது. பிறகு எப்படி விற்கிறார்கள்? 1994-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. சத்து மாத்திரை கம்பெனிகள், சரக்கு பலன் தருகிறது என்று எஃப்.டி.ஏ.விடம் முன்கூட்டியே நிரூபிக்க வேண்டியதில்லை. 'எஃப்.டி.ஏ. இதை மதிப்பிடவில்லை, எந்த நோயையும் குணப்படுத்த அல்ல' என்று லேபிளில் போட்டுவிட்டால் போதும். பெரிய எழுத்தில் சொன்னதை, பொடி எழுத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறார்கள்.

இதில் போவது காசு மட்டும் என்றால் தலைமுழுகிவிடலாம். மருந்துகளால் கல்லீரல் கெட்டுப்போனவர்களை அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2014-ல் வெளியிட்டார்கள். மூலிகை, சத்து மாத்திரைகளால் கெட்டவர்களின் பங்கு பத்தே வருடத்துக்குள் 7 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் ஆகியிருந்தது. இந்தக் குளுகரேட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 'சத்து மாத்திரைதானே, என்ன ஆகிவிடும்' என்ற அசட்டு தைரியத்தைச் சொல்கிறேன்.

காசைவிடப் பெரிய நஷ்டம், நேரம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. ஹெபடைடிஸ் சி, பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாகிறது. குடியை நிறுத்தினால், எடையைக் குறைத்தால் கொழுப்புக் கல்லீரல் தேறுகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு டப்பாவை நம்பி ஒருவர் ஆறு மாசம் ஓட்டினால், அந்த ஆறு மாசத்தை எந்தக் கம்பெனி திருப்பித் தரும்?

அடுத்த முறை யாராவது இந்த டப்பாவை நீட்டினால், ரெண்டே கேள்வி கேளுங்கள். எந்த நச்சு சார்? ரத்தப் பரிசோதனையில் அது எவ்வளவு குறையும்? பதில் வரவில்லையா, பர்ஸை மூடுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போங்கள்.